கெராசிமோவின் இரண்டு மழைகள்

அலெக்சாந்தர் கெராசிமோவ் என்றதும் ருஷ்யக் கலையுலகில் முதலில் நினைவுக்கு வருபவை ஸ்டாலினின் உருவப்படங்களே. 1947இல் அமைந்த சோவியத் ஒன்றியக் கலைக் கழகத்தின் முதல் தலைவர் அவர். நான்கு முறை ஸ்டாலின் பரிசு பெற்றவர். அத்தகைய அரசவை ஓவியரைப் பற்றிக் கவிஞர்கள் கூடும் இம்மலரில் எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவர் தீட்டிய சிறிய படமொன்றின் பொருட்டே எழுதுகிறேன்.

1881ஆம் ஆண்டு கொஸ்லோவ் என்னும் சிற்றூரில் கால்நடை வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கெராசிமோவ். 1903இல் மாஸ்கோ ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ஒருவர் கொன்ஸ்தந்தீன் கொரோவின். இம்ப்ரெஷனிசம் எனப்படும் மனப்பதிவு ஓவியமுறையை ருஷ்ய மண்ணில் வேரூன்றச் செய்தவர்களுள் தலையாயவர் கொரோவின். ஒரு கணத்தின் ஒளியை, அக்கணம் கலையுமுன் வண்ணத்தில் பிடித்துவிடும் வித்தையை மாணவர் அவரிடமே கற்றார். புரட்சிக்குப்பின் ஆசிரியர் 1923இல் பாரிசுக்குப் போய், 1939இல் அங்கேயே மறைந்தார். மாணவரோ 1925இல் மாஸ்கோ வந்து, புரட்சிகர ருஷ்ய ஓவியர் சங்கத்தில் இணைந்து, 1930இல் 'மேடையில் லெனின்' தீட்டிப் புகழடைந்தார். அதன்பின் தலைவர்களின் உருவங்களே அவருடைய தொழிலாயின.

1935இல் அவர் தம் சொந்த ஊருக்குச் சென்றிருந்தார். ஊரின் பெயர் அதற்குள் மிச்சூரின்ஸ்க் என்று மாறியிருந்தது. ஒருநாள் திடீரென்று பெருமழை கொட்டி ஓய்ந்தது. வீட்டுத் தாழ்வாரத்தின் மரப்பலகைகள் கண்ணாடியாய் மின்னின; மேசைமீது பூச்சாடி, அருகே கவிழ்ந்து கிடக்கும் ஒரு குவளை, அப்பால் நீர் சொட்டும் தோட்டம். மூன்று மணி நேரத்துக்குள் அதைத் தீட்டி முடித்தார் என்று அவருடைய சகோதரி நினைவுகூர்ந்திருக்கிறார். 'மழைக்குப் பின்' என்னும் அந்தப் படத்தில் தலைவரும் இல்லை, கொடியும் இல்லை. மனிதரே இல்லை. ஆயினும் சற்றுமுன்தான் யாரோ எழுந்து உள்ளே ஓடினார்கள் என்பதை அந்தக் குவளை சொல்லிவிடுகிறது. கொரோவினின் மாணவர் அங்கே முழுமையாக இருக்கிறார்.

மூன்றாண்டு கழித்து, 1938இல், 'கிரெம்ளினில் ஸ்டாலினும் வொரொஷீலவும்' வந்தது. ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலமுள்ள பெரும்படம். நீண்ட மேலங்கி அணிந்த இருவர் கிரெம்ளின் மதிலோரம் நடக்கின்றனர். கீழே நடைபாதை மழையில் நனைந்து பளபளக்கிறது. அதே ஈரம்! தம் வீட்டுத் தாழ்வாரத்தில் கண்டெடுத்ததை அரண்மனைக்கு எடுத்துச்சென்றுவிட்டார் மனிதர். மக்கள் அதற்கு இட்ட கேலிப்பெயர் 'மழைக்குப்பின் இரு தலைவர்கள்'. ருஷ்ய மொழியில் தலைவரைக் குறிக்கும் 'வஜ்தியா', மழையைக் குறிக்கும் 'தஜ்தியா' இரண்டும் அழகான எதுகை. படம் 1941இல் ஸ்டாலின் பரிசு பெற்றது. எதுகையோ பரிசு எதுவும் பெறாமலே நிலைத்துவிட்டது.

இதுவரை சொன்னவற்றைப் பிழைப்பு என்று தள்ளிவிடலாம். 1948ஐ அவ்வாறு தள்ள என்னால் இயலவில்லை. ஷூக்கின், மொரோசொவ் என்னும் இரு வணிகர்கள் திரட்டிய மோனே, செசான், மத்தீஸ், பிக்காசோ ஓவியங்களைக் கொண்டிருந்த மாஸ்கோவின் புதிய மேலைக்கலை அருங்காட்சியகம் அவ்வாண்டு ஸ்டாலினின் ஆணையால் மூடப்பட்டது. படங்கள் மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்குமாகப் பங்கிடப்பட்டன. அந்தக் கலையை மக்களுக்குப் பகையென்று முழங்கியவர்களுள் முன்னின்றவர் கெராசிமோவ். மொரோசொவின் மாளிகையாயிருந்த அக்கட்டடத்தில் அவர் தலைமை தாங்கிய கலைக் கழகமே குடியேறியது. நனைந்த பலகையில் வானத்தைக் காணும் கண்ணை அவருடைய ஆசானுக்குத் தந்த மரபு எதுவோ, அதையே அடுத்த தலைமுறை காணாதபடி கதவடைக்கத் துணைநின்றார். அறியாமையால் செய்தார் என்று சொல்ல வழியில்லை. தாழ்வாரப் படமே அவருக்கு எதிரான சாட்சி.

1956இல் குருஷேவ் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசினார். ஸ்டாலின் படங்கள் ஒவ்வொன்றாகச் சுவர்களிலிருந்து இறங்கிக் கிடங்குக்குச் சென்றன. 1957இல் கெராசிமோவின் தலைமைப் பதவி முடிந்தது. 1963 ஜூலையில் அவர் காலமானார். பெரிய மழையும் சிறிய மழையும் இரண்டுமே மாஸ்கோவின் ட்ரெத்யாகோவ் கலைக்கூடத்தைச் சேர்ந்தவை. சிறியது ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. கவிழ்ந்த அந்தக் குவளையை யாரும் இன்னும் நிமிர்த்தி வைக்கவில்லை.