தருமக் கணக்கும் கூலிக் கணக்கும்

கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் இலாபக் கணக்கோடு தருமக் கணக்கும் இக்காலத்தில் இடம்பெறுகின்றது. மலேசியப் பங்குச் சந்தையில் பதிவுபெற்ற கம்பெனிகள் 2007 முதல் தம் சமூகப் பணிகளை வெளியிடக் கடமைப்பட்டுள்ளன. அவ்வறிக்கைகளைப் படிப்போர் காட்பரி கம்பெனியின் வரலாற்றை அறிதல் நன்று.

இங்கிலாந்தில் சாக்லேட் செய்த இக்கம்பெனியார் 1879-ல் பர்மிங்ஹாமுக்கு அருகே போர்ன்வில்லில் தொழிற்சாலை அமைத்தனர். கம்பெனித் தலைவர் ஜார்ஜ் காட்பரி அங்கே தோட்டத்தோடு கூடிய வீடுகளைக் கட்டுவித்து, 1900-ல் 313 வீடுகளையும் 330 ஏக்கர் நிலத்தையும் ஒரு தரும டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். கண்டோர் புகழ்ந்தனர்.

ஆனால் அந்நாளில் கம்பெனியார் வாங்கிய கொக்கோவில் ஏறத்தாழப் பாதி, போர்த்துக்கீசியர் ஆண்ட சாவோ தோமே தீவில் விளைந்ததாகும். அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், ஒப்பந்தக் கூலிகள் என்னும் பெயரில், அங்கே அடிமைகளாய் உழைத்தனர். 1901-லேயே இச்செய்தி கம்பெனியாருக்கு எட்டியது. விசாரணைகள் நடந்தன, கொள்முதல் நின்றதோ 1909-ல்தான். 1908-ல் கண்டித்தெழுதிய ‘ஸ்டாண்டர்ட்’ பத்திரிகையின்மீது அவதூறு வழக்குத் தொடுத்து வென்றனர். ஜூரிகள் அளித்த நஷ்ட ஈடு ஒரு பார்திங், அதாவது கால் பென்னி!

போர்ன்வில் வீடுகளும் மெய். சாவோ தோமே துயரமும் மெய். செலவைக் காட்டி வரவை மறைக்கும் ஏட்டை எந்தக் கிராணியும் கணக்கென்று ஒப்பான். ஆகவே தோழர்களே, தரும அறிக்கை கைக்கு வந்தால், கொடுத்தது எவ்வளவு என்று பார்க்குமுன், அப்பொருள் எவர் உழைப்பில், என்ன கூலிக்கு விளைந்தது என்று கேளுங்கள்.