இரு கம்பிகள் உணர்த்தும் பாடம்

சிங்கப்பூரின் மின்சார வரலாற்றில் தேக்காவிற்கும் ஓர் இடம் உண்டு. 1905ஆம் ஆண்டு இந்நகரில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, அவற்றிற்கு மின்சாரம் வழங்கிய நிலையம் தேக்காவை அடுத்த மெக்கன்சி சாலையில் இருந்தது. மறு ஆண்டு ராஃபிள்ஸ் பிளேஸ் முதலிய இடங்களில் மின்விளக்குகள் ஒளிர்ந்ததும் டிராம் நிறுவனம் விற்ற மின்சாரத்தினாலேயே.

டிராம் வண்டி மேற்கம்பி ஒன்றினையே பற்றி ஓடியது. 1926இல் வந்த டிராலி பேருந்திற்கோ இரண்டு கம்பிகள் வேண்டியிருந்தன. ஏன்? டிராமின் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைத் தொட்டு நின்றமையால், மேலிருந்து வந்த மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே மீண்டது. டிராலி பேருந்தின் ரப்பர்ச் சக்கரம் அவ்வழியை அடைத்துவிட்டது. ஆதலின் மீளும் வழியாக மற்றொரு கம்பி தேவைப்பட்டது. மின்னோட்டம் நிகழ இரண்டு இடங்களுக்கிடையே அழுத்த வேறுபாடு வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? ஒரே கம்பியில் இரு காலும் ஊன்றி அமரும் பறவை தீங்கின்றிப் பறந்து போவதும் இதனாலேயே.

டிராம் 1927இலும் டிராலி பேருந்து 1962இலும் மறைந்தன. ஆயினும் அப்பாடம் தேக்காவின் நிலத்தடியில் தொடர்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்தில் 2003இல் திறக்கப்பட்ட வடகிழக்குப் பாதையின் இரயில் 1500 வோல்ட் மேற்கம்பியாலும், 2015இல் அங்கு வந்த டௌன்டவுன் பாதையின் இரயில் 750 வோல்ட் மின்தண்டவாளத்தாலும் இயங்குகின்றன. 1500 பெரிது; ஆகவே அங்கே மின்புலமும் வலியது என்று மாணவர் விரைந்து கூறுவர். தொலைவை அறியாமல் அவ்வாறு கூறலாகாது. 1500 வோல்ட் ஒரு மீட்டர் இடைவெளியில் சீராகக் குறையின் புலம் மீட்டருக்கு 1500 வோல்ட். 750 வோல்ட் பத்து சென்டிமீட்டரில் குறையின் புலம் மீட்டருக்கு 7500 வோல்ட் ஆகும்.

மின்னழுத்தம் மலையின் உயரம் போன்றது. மின்புலம் அதன் சரிவு போன்றது. உயர்ந்த மலையும் மெல்லச் சரியலாம். சிறு குன்றும் செங்குத்தாக நிற்கலாம். மேலும், புலம் அழுத்தம் குறையும் திசையையே நோக்கும். சூத்திரத்திலுள்ள கழித்தல் குறி உணர்த்துவது இதுவே.

இந்நாட்டு மாணவர் அறிவியலை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். கருத்து விளங்காமல் சூத்திரத்தை மட்டும் மனனம் செய்வோர் எம்மொழியிலும் உளர். அவர்கட்குத் தமிழாசிரியர் செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு: நாள்தோறும் அவர்கள் நடக்கும் தெருவின் வரலாற்றைத் தமிழில் எடுத்துரைத்தல். அழுத்தமும் புலமும் வேறென்பதை அத்தெருவே அவர்கட்கு விளக்கிவிடும்.