வீட்டுக்குள் நுழைந்த கேமரா: மிஷல் கிலைஃபியின் புலம்பெயர் சினிமா

பாலஸ்தீன சினிமாவின் வரலாற்றை எழுதுவோர் மிஷல் கிலைஃபியிடமிருந்து ஒரு புதிய கட்டத்தைத் தொடங்குவது வழக்கம். அவருடைய சகோதரர் ஜார்ஜ் கிலைஃபியும் இஸ்ரேலிய ஆய்வாளர் நூரித் கெர்ட்ஸும் சேர்ந்து எழுதி 2008இல் வெளிவந்த நூல், நான்காம் கட்டம் 1980இல் பிறப்பதாக வகுக்கிறது. கிலைஃபியின் முதல் முழுநீளப் படமான 'வளமான நினைவு' வெளிவந்த ஆண்டு அது. உடன்பிறந்தவர் போட்ட கோடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. மற்றவர்களும் ஏறக்குறைய அங்கேதான் கோடு போடுகிறார்கள். ஆனால் இந்தத் திருப்பம் பெய்ரூட்டில் இருந்த விடுதலை இயக்கக் கலைஞர்களால் நிகழாமல், பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்த ஒருவரால் ஏன் நிகழ்ந்தது என்று கேட்டால், பலரும் தாயக ஏக்கத்தைக் காரணம் காட்டி நின்றுவிடுகிறார்கள். ஏக்கம் அகதி முகாமில் இருந்தவர்களுக்கும் குறைவில்லாமல் இருந்தது. கிலைஃபியின் புலம்பெயர்வை இழப்பாக மட்டும் பார்க்காமல் தொழிற்சூழலாகவும் பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மற்றவர்களுக்கு அடைத்திருந்த ஊர்களுக்குள் அவரால் போக முடிந்தது; போன இடத்தில் குடும்பத்தின் அதிகாரத்தையும் கேள்வி கேட்க முடிந்தது.

அவர் 1950இல் நாசரேத்தில் பிறந்தவர். 1948க்குப் பின் இஸ்ரேலின் எல்லைக்குள் எஞ்சிய பாலஸ்தீனர்கள் 1966 வரை ராணுவ நிர்வாகத்தின்கீழ் இருந்தார்கள். ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 1970இல் பெல்ஜியம் சென்ற கிலைஃபி, பிரஸ்ஸல்ஸின் இன்சாஸ் நாடக, திரைப்படக் கல்லூரியில் படித்து, பெல்ஜியத் தொலைக்காட்சியில் பணியாற்றினார். அதே ஆண்டுகளில் முஸ்தபா அபு அலி, ஹனி ஜவ்ஹரியே முதலியோர் விடுதலை இயக்கத்தின் திரைப்படப் பிரிவை அம்மானிலும் பின்னர் பெய்ரூட்டிலும் நடத்தினார்கள். முகாமும் போராளியும் குண்டுவீச்சும் அவர்களது படங்களின் பொருள். அந்தப் பணியைக் குறைத்து எடைபோடக் கூடாது: ஜவ்ஹரியே 1976இல் லெபனானில் போர்க்காட்சியைப் படமெடுக்கும்போது கொல்லப்பட்டார், லெபனான்மீது இஸ்ரேல் நடத்திய 1982 படையெடுப்பை ஒட்டி இயக்கத்தின் படச்சுருள் சேமிப்பே காணாமற்போயிற்று. ஆனாலும் இஸ்ரேலுக்குள் இருந்த கலிலேயாவின் ஒரு வீட்டு முற்றத்தில் அவர்களால் கேமராவை வைக்க முடியவில்லை. எந்த அரசு பாலஸ்தீனர்களை ஒடுக்கியதோ அதே அரசின் குடியுரிமையும், ஐரோப்பியத் தயாரிப்பு என்ற அடையாளமும் கிலைஃபிக்கு அதைச் சாத்தியமாக்கின.

இந்த வாய்ப்பை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே முக்கியம். 'வளமான நினைவு' இரண்டு பெண்களைப் பின்தொடர்கிறது. ஒருவர் இயக்குநரின் உறவினரான முதிய விதவை. ஆலையில் உழைக்கிறார், பறிக்கப்பட்ட நிலத்துக்கு ஈடு வாங்கிக்கொள்ளும்படி பிள்ளைகள் எடுத்துச் சொல்லியும் மறுக்கிறார். மற்றவர் எழுத்தாளர் சஹர் கலீஃபா. மணவிலக்குப் பெற்று, ஊராரின் பார்வையைத் தாங்கியபடி எழுதுகிறார். முதியவர் தம் நிலத்தில் கால்வைக்கும் காட்சியை எட்வர்ட் சயீத் 1986இல் தம் நூலொன்றில் விரிவாகப் பேசியது தற்செயலில்லை. நிலத்தை விட்டுக்கொடுக்காத அதே பிடிவாதம், விதவை இப்படித்தான் வாழவேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் சுமந்துகொண்டிருக்கிறது. படம் இரண்டையும் ஒரே உடலில் காட்டுகிறது. 1980களின் நடுவில் எடுத்த மஆலூல் பற்றிய படம் இன்னும் கூர்மையானது. 1948இல் அழிக்கப்பட்ட அந்தக் கிராமத்தார், இஸ்ரேலின் சுதந்திர நாளன்று மட்டும் அங்கே போக அனுமதிக்கப்பட்டார்கள். வீடுகள் இருந்த இடத்தில் நட்ட மரங்களின் நிழலில் உட்கார்ந்து உண்கிறார்கள். நினைவிலிருந்து தீட்டிய ஓவியத்தில் தங்கள் வீடுகளைத் தொட்டுக் காட்டுகிறார்கள். இதை வெளியிலிருந்து எந்த இயக்கப் படப்பிரிவும் எடுத்திருக்க முடியாது.

விரட்டப்படாமல் தாமாகப் போனவரைப் புலம்பெயர்ந்தவர் எனலாமா என்ற மறுப்பு நியாயமானது. முகாமில் பிறந்தவரின் நிலை வேறு, கிலைஃபியின் நிலை வேறு. அந்த வேறுபாட்டை மறுக்கவேண்டியதில்லை. மேற்சொன்ன வாதமே அதை நம்பித்தான் நிற்கிறது. திரும்பிப்போக முடிந்த புலம்பெயர்வு அவருடையது.

இதைவிடக் கடுமையான மறுப்பு 1987இல் வந்த 'கலிலேயாவில் திருமணம்' குறித்தது. ஊரடங்குக்குள் மகனின் திருமணத்தை நடத்த முக்தார் (ஊர்த்தலைவர்) அனுமதி கேட்கிறார். தானும் தன் அதிகாரிகளும் விருந்தினராக வரவேண்டும் என்று ராணுவ ஆளுநர் நிபந்தனை விதிக்கிறார். கான் விழாவில் விமர்சகர் பரிசும், சான் செபாஸ்டியனில் தங்கச் சிப்பியும் பெற்ற இப்படத்தைச் சாடியவர்கள், மணப்பெண்ணின் உடலைக் காட்டியது ஐரோப்பியக் கண்ணுக்கான படையல் என்றார்கள். ஆக்கிரமிப்பை விட்டு ஆணாதிக்கத்தைப் பேசுவது திசைதிருப்பல் என்றும் சொன்னார்கள். முதல் குறையில் ஓரளவு உண்மை உண்டு. சில காட்சிகள் கதைக்குத் தேவையானதைவிட நீளமாக உடலின்மேல் தங்குகின்றன. இரண்டாவது குறை படத்தின் அமைப்பைக் கவனிக்காததால் எழுவது. ஆளுநரிடம் பணிந்த தந்தைமேல் கொண்ட சினத்தால் மணமகனின் முதலிரவு தோற்கிறது. குடும்ப மானம் காக்க மணப்பெண் தன் கன்னிமையைத் தானே குலைத்துக்கொள்கிறாள். அரசியலும் படுக்கையறையும் தனித்தனியே கிடக்கவில்லை: ஆளுநரின் கட்டளை தந்தை வழியாக மகனிடமும், மகன் வழியாகப் பெண்ணிடமும் வந்து சேர்கிறது. முக்தாரின் குதிரை கண்ணிவெடி நிலத்தில் சிக்கும்போது ராணுவத்தின் வழியைவிட அவருடைய கனிந்த அழைப்பே பலிக்கிறது. ஆனால் அந்தக் கனிவு அவர் வீட்டுப் பெண்களுக்கு எவ்வளவு கிட்டியது என்ற கேள்வியைப் படம் நம்மிடமே விட்டுவிடுகிறது.

ஐரோப்பியப் பணம் கலைஞனை வளைக்கும் என்ற ஐயத்துக்குப் பிற்காலம் ஒரு விடை தருகிறது. 2002 கோடையில் கிலைஃபி, இஸ்ரேலிய இயக்குநர் ஏயல் சிவானுடன், 1947ஆம் ஆண்டு ஐ.நா. தீர்மானம் 181 வரைந்த பிரிவினைக் கோட்டின் வழியே பயணம் செய்து நாலரை மணிநேர ஆவணப்படம் எடுத்தார். ஆர்டே தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. ஆனால் 2004இல் பாரிஸின் ஆவணப்பட விழாவொன்றில் அதன் ஒரு திரையிடல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஐரோப்பா பணமும் தந்தது, திரையையும் மூடியது; புரவலரின் விருப்பம் அறிந்து எடுத்த படத்துக்கு இந்த வரவேற்பு கிட்டியிராது. குடும்பத்தின் அதிகாரத்தைக் கேள்வி கேட்பதையும் அவர் விடவில்லை: 2009இல் வந்த 'சிந்தீக்' படத்தின் நாயகன் ஐரோப்பாவிலிருந்து திரும்பி, 1948இல் பாலஸ்தீனர்கள் வெளியேற்றப்பட்ட நக்பாவின் சாட்சிகளைப் பதிவுசெய்யும் பாலஸ்தீன இயக்குநர். சொந்த ஊரான நாசரேத்தில் ஓர் இரவு தங்க அவனுக்கு இடமில்லாமற்போவதற்குக் காரணம், அவன் உறவினன் செய்த கொலையும் அதற்குக் காத்திருக்கும் பழிவாங்கலும்.