சாவடியும் கொட்டாரமும்

பூவிருந்தவல்லியை அடுத்த கரையான்சாவடியைக் கடந்து சென்னைக்குச் செல்லும் பெருவழி, சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தை அணுகுமிடத்தே ‘சால்ட் கோட்டார்ஸ்’ என்னும் சரக்கு நிலையம் உளது. ஒரு வழியின் இரு முனைகளில் அமைந்த இவ்விரு பெயர்களும் ஒப்புநோக்கத் தக்கன. சாவடி, வழிச்செல்வோர் தங்குமிடம். நிலவழிக்கு உரிய சொல். ‘கோட்டார்ஸ்’ என்பதோ ஆங்கிலச் சொல் அன்று. கூலம் முதலியன சேர்த்து வைக்கும் இடத்தைக் குறிக்கும் கொட்டாரம் என்னும் தமிழ்ச்சொல்லே, ஆங்கிலேயர் நாவில் திரிந்து அவர்தம் பன்மை ஈறும் பெற்று அங்ஙனம் நின்றது. அங்கிருந்தவை உப்புக் கொட்டாரங்கள்.

உப்பு அப்பகுதியின் பெரும்பண்டமாக விளங்கியது ஏன் என்பதற்கு அருகே ஓடும் கால்வாயே விடை கூறும். பேசில் காக்ரேன் என்னும் வணிகர் 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 கல் தொலைவு இதனை வெட்டுவித்தார். 1837-இல் அரசு ஏற்றுக்கொண்டது. எண்ணூர் உப்பளப் பகுதி. உப்பும் விறகும் கிளிஞ்சற் சுண்ணாம்பும் படகேறி நகரடைந்தன. 1877-78 பெரும்பஞ்சத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 5 கல் நீளம், பசித்து வந்த மக்களின் உழைப்பால் தோண்டப்பெற்றது. உழைத்தோர் பெயரன்று, ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரே கால்வாய்க்கு வாய்த்தது.

படகுகள் தங்கும் நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் ‘பேசின்’ என்றனர். பேசினால் எனப் பொருள்படும் நம் சொல்லோடு அது மயங்குதல் ஒரு வேடிக்கை. அப்பேசின் பாலத்திற்கு மேற்கே, ஓட்டேரி ஓடையை ஒட்டிய பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் எழுந்தன. ஆலைத் தொழிலாளர் துயரினின்றே 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதனை வளர்த்தவருள் திரு. வி. கலியாணசுந்தரனார் ஒருவர் என்பதனால், தமிழ் மேடைப்பேச்சின் வரலாற்றிலும் இந்நிலப்பகுதிக்கு இடம் உண்டு என்க. இது தனியே ஆராயத் தக்கது.

ஆலைகள் 1996-இல் மூடப்பெற்றன. கால்வாயிற் படகு இல்லை; அதன் தென்பகுதியிலே பறக்கும் தொடர்வண்டியின் தூண்களே நிற்கின்றன. எஞ்சிய சான்று பெயர் ஒன்றே. அதனையும் இக்காலத்தார் ‘சால்ட் குவார்ட்டர்ஸ்’ என்று எழுதத் தலைப்பட்டுள்ளனர். உப்புத்துறை ஊழியர் குடியிருந்த இடம் என நாளைய ஆய்வாளர் இதற்கு உரை வகுத்தால் அவர்மேற் குற்றமில்லை. உப்புக் கொட்டாரம் என்றே பலகையில் எழுதுதல் வேண்டும் என்பது எம் கருத்து. கன்னியாகுமரியை அடுத்த ஊரொன்று இன்றும் கொட்டாரம் என்றே வழங்குகின்றது. அச்சொல் யார்க்கும் அயலாகத் தோன்றியதில்லை.