கெந்திங் மலை விளக்கும் நம் வீட்டுக் கணக்கும்

வானம் தெளிந்த இரவுகளில் கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் கெந்திங் மலையின் விளக்குகள் தெரியும். நாட்டில் சட்டப்படி நடக்கும் ஒரே காசினோ அங்கேதான் உள்ளது. 1971-இல் திறக்கப்பட்ட அது நம் சங்கத்தைவிட மூத்தது. நம் வட்டாரத்தில் இப்படி ஒன்று வரலாமா என்று கேட்டுச் சொல்ல அன்று நாம் ஒரு சங்கமாக இல்லை. பொன்விழா மலரில் அதைப் பற்றிப் பேசக் காரணம், அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை என்பதே.

சூதாட்டம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஈயச் சுரங்கக் காலத்தில் சூதாட்டக் கூடம் நடத்தும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. கப்பித்தான் யாப் ஆ லோயும் கோலாலம்பூரில் அத்தகைய கூடங்களை நடத்தியவரே. சுரங்கத்தில் உழைத்தவரின் கூலி இரவில் சூது மேசைக்குப் போனது. குத்தகைப் பணம் அரசுக்குப் போனது. வருமானம் வந்தும், ஐக்கிய மலாய் மாநிலங்களில் அந்தக் குத்தகை முறை 1912 இறுதியில் ஒழிக்கப்பட்டது. ஆனால் குதிரைப் பந்தயம் நீடித்தது. இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் இடம் அக்காலப் பந்தயத் திடல்தான்.

கெந்திங் 1965-இல் தொடங்கியது. தொழிலதிபர் லிம் கோ தோங்குடன் கூட்டாகச் சேர்ந்தவர் டான்ஸ்ரீ முகமது நோவா ஒமார். அவர் நாடாளுமன்ற மக்களவையின் முதல் சபாநாயகர். துன் அப்துல் ரசாக், துன் உசேன் ஓன் ஆகிய இரு பிரதமர்களுக்கும் மாமனார். காட்டை வெட்டி மலைப்பாதை போட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. 1969 மார்ச் 31-இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். அரசின் பணமில்லாமல் ஒரு மலை வாசத்தலம் உருவாவதைக் கண்டு மகிழ்ந்த அவர் ஆதரவு தர, அதே ஆண்டில் காசினோ உரிமமும் கிடைத்தது. முகமது நோவாவின் பெயர் தாங்கிய அறக்கட்டளைப் பள்ளிவாசலும் அந்த மலையிலேயே உள்ளது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல நோக்கமும் விலக்கப்பட்ட வருமானமும் எவ்வளவு எளிதாக ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பயனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. சாலை வந்தது, வேலை வந்தது, அரசுக்கு வரி வந்தது. பள்ளி விடுமுறையில் நம் குடும்பங்களும் அங்கு குளிர்காற்று வாங்கப் போகின்றன. திருக்குர்ஆனும் சூதில் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை. பயனைவிடப் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயம் எடைபோட்டுச் சொல்கிறது. அல்மாயிதா அத்தியாயம் சூதை முற்றாக விலக்குகிறது.

கூட்டரசுப் பிரதேசத்தின் 1997-ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டப்படி, சூதாடும் முஸ்லிமுக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். காசினோ வாசலிலும் முஸ்லிம்களுக்குத் தடை உண்டு. "அப்படியானால் அது மற்றவர் விவகாரம், நமக்கென்ன?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. வாசலில் நிற்கும் காவலர் ஆளைத்தான் தடுப்பார். கடனைத் தடுக்க முடியாது. நம் உறுப்பினர் ஒருவரின் உணவகத்தில் கூட்டாளியாக இருந்தவர் நாலு நம்பரில் தொடங்கிக் கந்துவட்டிக்காரரிடம் போய் முடிந்தார். கடை கைமாறியது. சூதாடாதவரின் பிள்ளைகளும் அந்த ஆண்டு பெருநாளுக்குப் புதுத்துணி உடுத்தவில்லை. நம் சீன, இந்து, கிறிஸ்தவ அண்டை வீட்டாருக்கும் இதே துயரம்தான். அண்டை வீட்டார் உரிமை பேசும் மார்க்கத்தில் இருந்துகொண்டு நாம் முகம் திருப்ப முடியாது.

வேண்டாம் என்று சொன்னால் எடுபடுமா? 2010-இல் விளையாட்டுப் பந்தய உரிமம் பற்றிய செய்தி வெளியானபோது கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. சிலாங்கூர், பினாங்கு உள்ளிட்ட மாநில அரசுகளும் மறுத்தன. அந்த ஜூன் மாதமே மத்திய அரசு திட்டத்தைக் கைவிட்டது. சிங்கப்பூரிலோ எதிர்ப்பு இருந்தும் 2005-இல் காசினோவுக்கு இசைவு தரப்பட்டு, 2010-இல் இரண்டு திறந்தன. ஆனாலும் அந்த எதிர்ப்பு வீண்போகவில்லை: குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் வந்தது, 2019-இல் அது 150 வெள்ளியானது. குடும்பத்தாரே மனுச்செய்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் வழி பிறந்தது.

ஆகவே எங்கள் பதில் இது. சாலாக் செலாத்தானிலோ பக்கத்து ஊர்களிலோ புதிய சூதாட்டக் கூடம் எதுவும் வேண்டாம். வரும் என்று தெரிந்தால் அண்டை சமூகத்தாரோடு சேர்ந்து எழுத்தில் மறுப்போம். அதைவிட முக்கியமானது நம் வீட்டுக் கணக்கு. கடன்பட்டவரை ஏசி விரட்டினால் அவர் மீண்டும் மேசைக்கே போவார். வட்டியில்லா அழகிய கடனும், ரகசியம் காக்கும் ஒரு நல்ல காதும் சங்கத்தில் இருந்தால் அவர் நம்மிடம் வருவார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்தக் கதவு திறந்தே இருக்க அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.