நொய்யலும் சாயத்தொழிலும்

கொங்கு நாட்டின் பழைய ஆறுகளுள் ஒன்று நொய்யல். காஞ்சிமாநதி என்பது அதன் முற்பெயர். அது வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிப் பேரூர், கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியொடு கலக்கின்றது. இவ்வாறு சாயக்கழிவால் கெட்ட வரலாற்றையும், அதனை மீட்க எழுந்த முயற்சியையும் ஈண்டு ஆராய்வாம்.

நொய்யற்கரைக்குத் தொழில் புதியதன்று. பதிற்றுப்பத்துக் குறிப்பிடும் கொடுமணம், இவ்வாற்றின் வடகரையிலுள்ள கொடுமணலே என்பர் ஆய்வாளர். அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணி செய்த பட்டறைகளின் அடையாளங்களும், நூல் நூற்கும் தக்களிகளும் வெளிப்பட்டன. ஆகவே, தொழில் வளர்ந்தமை ஒன்றனாலேயே ஆறு கெட்டது எனல் பொருந்தாது. எவ்வகைத் தொழில், எவ்வளவு நீரைக் கொண்டு, அதனை எந்நிலையில் ஆற்றுக்குத் திருப்பியது என்பதே நாம் வினவத்தக்கது.

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேரூன்றிற்று. நெடுங்காலம் வெள்ளைப் பனியனே அதன் முதன்மைப் பொருளாக இருந்தது. 1980-களில் ஏற்றுமதி பெருகவே, வண்ண ஆடைக்கு வேட்கை மிகுந்தது. சலவைப் பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் எழுந்தன.

பருத்தித் துணியில் சாயம் பற்றுதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். அவ்வுப்போ துணியில் தங்குவதில்லை; கழிவுநீரோடு வெளியேறுகின்றது. நிறத்தை நீக்குதல் எளிது. கரைந்த உப்பை நீக்குதல் அரிது. தொடக்கத்தில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கசடையும் குறைத்தனவேயன்றி, உப்பை அகற்றவில்லை. கண்ணுக்குத் தெளிந்த நீரும் உவர்நீராகவே இருந்தது. சோடியம் மிக்க நீர் பாய்ந்த நிலத்தில் களிமண் துகள்கள் சிதறி, மண் இறுகும், நீர் உள்ளிறங்காது, பயிரின் வேர் நலியும். கிணறுகளும் உவர்ப்பேறின.

இக்கேட்டினை யாவர்க்கும் புலப்படுத்தியது ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்திற்கென 1992-இல் எழுப்பப்பட்ட அவ்வணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணை நீர் வேண்டும் என்று கேட்கவேண்டிய உழவர், அந்நீர் வேண்டா என்று கூறும் நிலை வந்தது. அணையொன்றன் வரலாற்றில் இதனினும் துயரமான திருப்பம் அரிதாம்.

உழவர் சும்மா இருந்திலர். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில், கழிவுநீர் ஒரு துளியும் வெளிவிடாத முறையை ஆலைகள் கைக்கொள்ளவேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை 2009-இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்திற்று. ஆணை நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரியில் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் பணித்தது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். பின்னர்ச் சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் நீரையும் உப்பையும் மீட்கும் முறையை அமைத்த ஆலைகளே படிப்படியாகத் திறக்கப்பெற்றன.

இவ்வழக்கை உழவர்க்கும் தொழிலோர்க்கும் இடையே நிகழ்ந்த பகையாக மட்டும் கொள்ளுதல் குறையுடையதாம். பனியன் தொழில் முதலாளிகளுள் பலர் கொங்கு உழவர் குடியிற் பிறந்து, கூலிவேலையில் தொடங்கி உயர்ந்தவர்கள். எனவே, ஒரு குடியின் ஒரு கை ஈட்டிய பொருளுக்கு மறு கை நிலத்தை விலையாகத் தந்தது என்பதே உண்மை.

ஆற்றைக் காத்தது தொழில்நுட்பம் மட்டுமன்று. வழக்காடிய உழவரின் விடாமுயற்சியும் ஆகும். எனினும் வரலாறு இத்துடன் முற்றுப்பெறவில்லை. மீட்டுப் பயன்படுத்த இயலாத கலப்புப்பும் கசடும் குவியலாகச் சேர்கின்றன; உவர்ப்பேறிய மண்ணும் நிலத்தடி நீரும் தீர்ப்பினால் உடனே இனிமை பெறா. நஞ்சினை ஆற்றினின்று அகற்றி வேறோரிடத்திற் குவித்தல் பாதித் தீர்வே. எஞ்சிய பாதிக்கு நம் காலத்தவரே விடை காணல் வேண்டும்.