குழந்தையின் பெயரில் ஒப்புதல்: தகப்பன் அதிகாரத்திலிருந்து குழந்தையின் உரிமை வரை

புதுச்சேரியின் சாரம் பகுதியிலும் அதற்கு அப்பால் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்த ஊர்களிலும் குழந்தைகளுக்கு வந்த நோய்கள் ஒன்றுதான், சட்டம் வேறு. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி தங்கள் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்த புதுச்சேரிக் குடும்பங்களைப் பிரெஞ்சு சிவில் சட்டம் ஆண்டது. அதில் பிள்ளைமீதான அதிகாரம் தகப்பனுடையது. துறக்காத இந்துக் குடும்பங்களின் வழக்காற்றிலும் முதல் உரிமை அவருக்கே. எல்லைக்கு அந்தப் பக்கம் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் நடப்பில் இருந்தது. அது புதுச்சேரிக்கு வந்தது 1963 அக்டோபர் 1இல். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம், அடுத்த ஆண்டு ஜூலை 13இல் கோரிமேட்டில் ஜிப்மர் ஆனது. ஆகவே ஜிப்மரின் மருத்துவர்கள் தொடக்கம் முதலே தண்டனைச் சட்டத்தின் நிழலில்தான் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள்.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? 89ஆம் பிரிவு, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் நன்மைக்காக, காப்பாளரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்யும் செயலைக் குற்றமல்ல என்றது. 92ஆம் பிரிவு அவசர நிலைக்கானது. சம்மதம் தர முடியாத நிலையில் ஒருவர் இருந்து, அவருக்காகச் சம்மதம் தரக் காப்பாளர் யாரும் உரிய நேரத்தில் கிடைக்காவிட்டால், மருத்துவர் தாமே முடிவெடுக்கலாம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு பெரிய இடைவெளி தெரிகிறது. சம்மதிக்கும் பெற்றோரைச் சட்டம் எண்ணிப் பார்த்தது. வராத பெற்றோரையும் எண்ணிப் பார்த்தது. வந்து, கட்டிலருகே நின்று, "வேண்டாம் டாக்டர்" என்று சொல்லும் பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விபத்தில் அடிபட்டவருக்குப் போலீஸ் நடைமுறைகளுக்காகக் காத்திராமல் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று 1989இல் பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மருத்துவரின் கடமையை உறுதிப்படுத்தியது; மறுப்புக்கு விடை தரவில்லை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் பழைய பிரிவுகளின் சாரத்தை 27, 30ஆம் பிரிவுகளாக அப்படியே எடுத்துக்கொண்டது. 164 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த வாய்ப்பு கைநழுவிப் போனது வருத்தத்துக்குரியது.

மறுப்பு இங்கே பெரும்பாலும் நீதிமன்றம் போவதில்லை. கேஸ் ஷீட்டில் "சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்வது. கூலி வேலையை விட்டுவிட்டு வெளியூரில் தங்க முடியாத குடும்பம், முதல் சில மாதங்களில் பிள்ளை தேறியதும் வருவதை நிறுத்திவிடுகிறது. இதைக் கொள்கை வேறுபாடு என்று அழைப்பது அந்தப் பெற்றோருக்குச் செய்யும் அநீதி. பேருந்துக் காசும் தங்க இடமும் கிடைத்தால் அவர்களில் பலர் சம்மதிப்பார்கள்.

அச்சத்தால் வரும் மறுப்பு வேறு வகை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளோருக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது, வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். இதே திட்டம் டெல்லிக்கு வந்ததும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஊசி போடக் கூடாது என்று 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

இந்த வரலாற்றின் மிக ஆழமான திருப்பம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நிகழ்ந்தது. வியப்பு என்னவென்றால், அங்கே பெற்றோருக்கும் மருத்துவருக்கும் சண்டையே இல்லை. தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது பற்றிய வழக்கு அது. 2019 ஏப்ரல் 22இல் தீர்ப்பளித்த நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், திருமண உரிமையோடு நிற்காமல், இடையிலிங்கக் குழந்தைகளின் உடலை ஆணாகவோ பெண்ணாகவோ 'சரிசெய்யும்' அறுவை சிகிச்சைகளையும் எடுத்துக்கொண்டார். குடும்பமும் மருத்துவரும் ஒருமித்து, நல்ல எண்ணத்தோடு, பேசத் தெரியாத குழந்தைமீது செய்துவந்த காரியம் அது. பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்றார் நீதிபதி. தடை விதிக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்து உள்ள நிலைக்கு மட்டும் விலக்கு. 89ஆம் பிரிவு ஒன்றாகவே பார்த்த காப்பாளரின் சம்மதமும் குழந்தையின் நன்மையும் தனித்தனியே பிரிந்தது இங்கேதான். ஆனால் அந்த ஆணை தமிழ்நாட்டு அரசுடையது. ஒன்றியப் பகுதியான புதுச்சேரியை அது கட்டுப்படுத்தாது.

இங்கிலாந்தில் இத்தகைய மோதல் நேராக நீதிமன்றத்துக்கே போகிறது. 2017இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், அரிய மரபணு நோய் கண்ட கைக்குழந்தைக்குச் சோதனை நிலைச் சிகிச்சை வேண்டும் என்று பெற்றோர் போராடினார்கள். உயிர்காப்புக் கருவிகளை நிறுத்துவதே குழந்தைக்கு நல்லது என்று மருத்துவமனை வாதிட்டது. நீதிபதி எடைபோட்டது குழந்தையின் நலனை. முறை தெளிவானதுதான், ஆனால் உலகமே பார்க்க நடந்த அந்த மாதங்கள் இரு தரப்பையும் கசக்கிப் பிழிந்தன.

இந்தியச் சட்டத்துக்குள்ளேயே இதைவிட மென்மையான முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்காகப் பேசும் பிரதிநிதி காப்பாளர்தான். ஆனால் அவர் பிள்ளையின் நலனுக்கு ஏற்ப நடக்கவில்லை என்று மருத்துவரோ வேறொருவரோ முறையிட்டால், மனநல வாரியம் வேறொருவரை நியமிக்கலாம். மருத்துவரையும் சட்டம் தனியே விடவில்லை: சிறாருக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை தர, காப்பாளரின் ஒப்புதலோடு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். மனநோய்க்குக் கிடைத்த இந்த வாரியம் புற்றுநோய்க்கோ இதய அறுவைக்கோ இல்லை. அவற்றில் பெற்றோர் மறுக்கும்போது இரவு டியூட்டி மருத்துவருக்கு எஞ்சியிருப்பவை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவும் சென்னை உயர் நீதிமன்றமும்தான்.